டவுனுக்குப் போறேன், ஏதாவது வேணுமா?

டிரம்லீ
நவம்பர் 5, 2011

டிம்ப்னாவுக்கு,

ஃபோன் செய்யாதே. உன் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறேன் என்பது இதற்குள் உனக்கே புரிந்திருக்கும். சொல்ல ஏதாவது இருந்தால் எழுது. எழுதினால் அந்தக் கடைக்குரல் கேட்காமலாவது இருக்கும்.

நேற்று பென்ஷன் நாள். பாதி ஊர் உன் மருந்துக்கடையில்தான் நின்றது. எனக்கு முன்னால் நான்சி டைவர், பின்னால் ஜோ கியோன். வழக்கமாக வாங்கும் அந்தக் கரையும் மாத்திரை ஒரு பாக்கெட்தான் கேட்டேன். நீ வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் நின்று, "இது யாருக்குங்க? எத்தனை நாளா சாப்பிடுறீங்க? சாதா மாத்திரை போட்டுப் பார்த்தீங்களா?" என்கிறாய். நான் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போன தங்கை, ஊர் முன்னால் என்னை "நீங்க" என்கிறாள்! நான்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓர் இருமல் மருந்து டப்பாவைப் படிப்பதுபோல் பாவனை செய்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தன் பெயரையே படிக்க வராது.

அப்புறம் அந்தக் கண்ணாடி அறை. ரகசியம் பேசுவதற்காம். கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்காவது ஒரு மரக்கதவு உண்டு. உன் அறையில் உட்கார்ந்தால் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் என் முகம் சிவப்பதைப் பார்க்கலாம். அங்கே உட்காரவைத்து என்ன சொன்னாய்? "டெலியா, இனிமே என் கடையில உனக்கு இதைத் தர முடியாது." மருந்துக்கடைக்காரியின் அக்காவுக்குத் தலைவலி மாத்திரை கிடையாது. இதை நான் எங்கே போய்ச் சொல்வது?

போன வருஷம்வரை அது இருமல் மிட்டாய்க்குப் பக்கத்துத் தட்டில்தான் கிடந்தது. "இன்னொண்ணும் எடுத்துட்டுப் போயேன், அக்கா, மறுபடி வர வேண்டாம்" என்று உன் வாயாலேயே சொல்லியிருக்கிறாய். டப்ளினிலிருந்து ஏதோ புது விதி வந்தது, மாத்திரை உன் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது, நான் ஒரே ராத்திரியில் பழக்கக்காரி ஆகிவிட்டேன்.

எனக்கு வலிக்கிறது, டிம்ப்னா. காலையில் நான் கண்ணைத் திறப்பதற்கு முன்பே அது நெற்றிக்குப் பின்னால் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டு மாத்திரை குவளையில் நுரைத்து அடங்கி உள்ளே போனால்தான் நான் பள்ளி பஸ்ஸை எடுக்க முடியும். என் பதினொரு பிள்ளைகளும் அவரவர் வாசலில் குளிரில் நின்றுகொண்டிருப்பார்கள். என் பிள்ளைகள் என்றுதான் எழுதுவேன். எனக்குப் பிள்ளை இல்லை என்பதை இந்த ஊர் மறந்திருப்பதே அந்த பஸ்ஸால்தான்.

நாளைக்குப் பூசையில் என் பக்கத்தில் வந்து உட்காராதே. என் வீட்டுக்காரர் மாலக்கி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். நான் கேட்கவில்லை.

டெலியா


பாலினரா
நவம்பர் 9, 2011

அக்கா,

"நீங்க" என்றதற்கு மன்னித்துவிடு. கவுன்ட்டரில் சொந்தக்காரர், ஊர்க்காரர் என்று பார்க்காமல் ஒரே மாதிரிப் பேச வேண்டும் என்று கடைப்பெண்களுக்குப் பாடம் எடுத்திருந்தேன். அவர்கள் இருவரும் பக்கத்திலேயே நின்றார்கள். நீ முகம் சிவந்து நிற்கும்போதுதான் நான் செய்தது உறைத்தது.

மாத்திரை தராததற்கு மன்னிப்பு கேட்கமாட்டேன்.

மூன்று நாள். பாக்கெட்டின் மேலேயே அச்சடித்திருக்கிறது, நீ எப்போதும் கிழித்து அடுப்பில் போடுகிற பக்கத்தில். சாதாரண பாராசிட்டமாலுக்கோ ஐபுப்ரோஃபெனுக்கோ அடங்காத வலி என்றால் இது, அதுவும் மூன்று நாளைக்கு. அதற்கும் அடங்காவிட்டால் டாக்டர். இந்த விதி உன்னை அவமானப்படுத்துவதற்காகப் போட்டதல்ல. அந்த மாத்திரையில் இரண்டு மருந்து இருக்கிறது. ஒன்று பாராசிட்டமால். மற்றது கோடீன், அபினி வம்சத்தது. உள்ளே போனதும் உடம்பு அதில் ஒரு பங்கை மார்ஃபினாக மாற்றிக்கொள்கிறது. நீ ஒரு நாளைக்கு எத்தனை போடுகிறாய் என்று அன்றைக்குக் கேட்டதற்கு "ரெண்டோ மூணோ" என்றாய். வீட்டில் மருந்து வாங்குவது நீ, விற்றது நான். என்னிடமே அந்தக் கணக்கா?

இன்னொன்றும் சொல்கிறேன், நீ நம்பமாட்டாய். உன் காலைத் தலைவலியைக் கொண்டுவருவதே அந்த மாத்திரைதான். ராத்திரி போட்டது உடம்பைவிட்டு இறங்கியதும் தலை அடுத்ததைக் கேட்கிறது, கேட்கிற விதம்தான் வலி. நீயும் கொடுக்கிறாய், அதுவும் மறுநாள் மறுபடி கேட்கிறது. நிறுத்தினால் முதலில் இன்னும் மோசமாகும். மூக்கு ஒழுகும், வியர்க்கும், ஓர் இடத்தில் உட்கார முடியாது, எல்லோரையும் அடிக்கத் தோன்றும். இரண்டு மூன்று வாரத்தில் அது வடிந்துவிடும், தலைவலியும் பெரும்பாலும் கூடவே போய்விடும். ஆனால் தனியாக நிறுத்தாதே. டாக்டர் ஹெனகனிடம் போ, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொண்டுவருவார். துணைக்கு வரச் சொன்னால் வருகிறேன்.

உன் ரத்த அழுத்த மாத்திரையையும் நான்தான் தருகிறேன். அந்த நுரை எதனால் வருகிறது என்று நினைத்தாய்? அத்தனையும் உப்புச் சரக்கு. ஒரு கையால் அழுத்தத்தைக் குறைத்து மறுகையால் ஏற்றிக்கொண்டிருக்கிறாய்.

கடைசியாக பஸ். போன மாதம் சந்தைச் சாலையில் உன் பஸ் எதிரே வந்தது, கையசைத்தேன். நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் போனாய், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கண்ணை எனக்குத் தெரியும், வருஷக்கணக்காக கவுன்ட்டரில் பார்க்கிறேன். மாலக்கியிடமும் உரிமம் இருக்கிறது. உடம்பு சரியாகும்வரை பஸ்ஸை அவரிடம் கொடு.

மற்றக் கடைகளுக்கு நான் ஃபோன் செய்யவில்லை. பள்ளியிலும் வாயைத் திறக்கவில்லை. கவுன்ட்டரில் கேட்டதை வெளியே சொன்னால் எனக்கு வேலை இல்லை.

உன் தங்கை
டிம்ப்னா


டிரம்லீ
டிசம்பர் 2, 2011

டிம்ப்னாவுக்கு,

நிறுத்திவிட்டேன். உன் டாக்டரும் வேண்டாம், உன் துணையும் வேண்டாம். டீயும் மனவுறுதியும் போதும். தலை தெளிவாக இருக்கிறது. இதைக் கேட்டு உனக்கு ஏமாற்றமாக இருந்தால் நான் பொறுப்பல்ல.

பஸ் என்னிடம்தான் இருக்கிறது. மாலக்கி ஓட்டினால் பிள்ளைகள் ஞானோபதேச வகுப்பு முடிந்துதான் பள்ளிக்குப் போய்ச் சேருவார்கள். ஒவ்வொரு வேலியாக நிறுத்தி மாடு பார்ப்பார்.

உன் கடைப்பக்கம் வராததால் என் வீட்டில் எதுவும் குறைந்துவிடவில்லை. இந்தத் தெருவில் யார் கிளம்பினாலும் என் கேட்டில் ஒரு நிமிஷம் நின்று, "டவுனுக்குப் போறேன் டெலியா, ஏதாவது வேணுமா?" என்று கேட்காமல் போவதில்லை. தபால்காரர் ஃபின்டன்கூடக் கேட்கிறார். நான்சி பால் கொண்டுவருகிறாள், ஜோ கியோன் ரொட்டி. கூடப் பிறந்தவர்கள் கண்ணாடி அறையில் உட்காரவைக்கும்போது அக்கம்பக்கத்தார் இப்படி இருக்கிறார்கள். நினைத்துப் பார்.

டெலியா


பாலினரா
டிசம்பர் 12, 2011

அன்புள்ள அக்கா,

கடிதத்தைக் கடையிலேயே பிரித்துப் படித்தேன். கடைப்பெண் "ஏன் அழுறீங்க?" என்று கேட்டுவிட்டாள். வெங்காயம் என்று சொன்னேன். மருந்துக்கடையில் ஏது வெங்காயம்? ரொம்பச் சந்தோஷம், அக்கா. டாக்டர் இல்லாமல் நீயாக நிறுத்தியதற்குத் திட்ட வேண்டும், திட்ட மனம் வரவில்லை. நீ சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

இங்கே மூச்சுவிட நேரமில்லை. இந்தக் குளிருக்கு உங்கள் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் தலைவலி வந்துவிட்டது போலிருக்கிறது. ஒரு நாள்கூட மருந்து தொடாத ஜோ கியோன் வந்து கோடீன் மாத்திரை கேட்கிறார், பல்வலியாம். வாயில் இருப்பதே நாலு பல். நான்சிக்கு முழங்கால், ஃபின்டனுக்குத் தபால் பை தூக்கி முதுகு. மூன்று கேள்வியும் ஒருவரைவிடாமல் கேட்கிறேன். "எனக்குத்தான், சாதா மாத்திரைக்கு வலி கேட்கலை, மூணு நாளைக்கு மேல போட மாட்டேன்" என்று கோயிலில் உறுதிபூசுதலுக்கு ஜெபம் மனப்பாடம் செய்த பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் ஒப்பிக்கிறார்கள். இந்த விதிக்கு ஊர் இவ்வளவு சீக்கிரம் பழகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சளிக்காலம், அதனால் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். வெந்நீரில் கலக்கிக் குடிக்கிற எலுமிச்சைப் பொடியிலும் பாராசிட்டமால்தான் இருக்கிறது. மாத்திரை போடுகிறவர்கள் அது வேறு மருந்து என்று நினைத்துச் சேர்த்துக் குடித்துவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றுசேர்ந்தால் கல்லீரல் தாங்காது. நீ நிறுத்திவிட்டாய், இருந்தாலும் மாலக்கிக்காகச் சொல்லிவைக்கிறேன்.

கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு இருவரும் இங்கே வாருங்கள். வாத்து வாங்கப்போகிறேன்.

டிம்ப்னா


டிரம்லீ
டிசம்பர் 22, 2011

டிம்ப்னாவுக்கு,

வர முடியாது. எனக்குச் சளி, மாலக்கிக்கு மாடு. வாத்தை நீயே சாப்பிடு.

அக்கம்பக்கத்தார் உடம்பைப் பற்றி எனக்கு எழுதாதே. அவர்கள் பல் எத்தனை என்று எண்ணி அக்காவுக்குக் கடிதம் போடுகிறவள், வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாயே. அதை நினைத்துத்தான் சிரித்தேன்.

டெலியா


பாலினரா
ஜனவரி 19, 2012

டெலியா,

நேற்று முன்தினம் சதுப்புநிலச் சாலை வளைவில் உன் பஸ் பள்ளத்தில் இறங்கியது. ஈஃபாவுக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. மற்றப் பிள்ளைகளுக்குப் பயம்தான், உனக்கு ஒரு கீறலும் இல்லை. கடவுளுக்கு நன்றி சொன்னேன். சாலையில் பனி உறைந்திருந்தது என்று ஊரே சொல்கிறது. நீ சொல்லித்தான் ஊர் சொல்கிறது.

அன்று காலை நானும் அதே சாலையில்தான் கடைக்கு வந்தேன். தூறல் இருந்தது. பனி இல்லை.

நேற்று சாயங்காலம் ஃபின்டன் வந்து, "அந்த மாத்திரை ஒரு பாக்கெட்" என்றார். "முதுகு இன்னுமா சரியாகலை? மூணு நாள் எப்பவோ ஆச்சே" என்று கேட்டேன். அவர் காது சிவந்துவிட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் உருட்டினார்.

"எனக்கில்லைங்க டிம்ப்னா. நம்ம டெலியாவுக்குத்தான். பாவம், தலைவலி தாங்கலைன்னுச்சு. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லை, கடைக்கு வர சங்கடமா இருக்குன்னுச்சு. டவுனுக்குப் போறவன் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வர்றதுல என்ன இருக்கு? யாருக்குன்னு கேட்டா எனக்குன்னு சொல்லிடுங்க, இல்லேன்னா தர மாட்டாங்கன்னு அதுதான் சொல்லிக்கொடுத்துச்சு."

"நீங்க மட்டும்தானா?"

"நான் மட்டும்தான்னு நெனச்சேன். போன வாரம் உங்க வாசல்லயே ஜோ கையில இதே பாக்கெட்டைப் பார்த்தேன். அவன் கோட்டுக்குள்ள ஒளிச்சான், நானும் பார்க்காத மாதிரி வந்துட்டேன்."

அவர் போன பிறகு கடைக்கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். உனக்கு ஒரு பாக்கெட் தரமாட்டேன் என்று ஊர் முன்னால் சொல்லி அனுப்பினேன், அதே மாத்திரையை ஊர் முழுவதன் கையிலும் கொடுத்து உன் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். மூன்று கேள்வி கேட்டு, மூன்று பதில் வாங்கி, "உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று சொல்லி! அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் தான் ஒருவன்தான் உதவுகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். அந்த நல்ல மனசை நீ இப்படிப் பயன்படுத்தியிருக்க வேண்டாம். நான்சி வாங்கி வந்த மாத்திரையும் அதில் உண்டு. ஈஃபா அவள் பேத்தி.

திங்கட்கிழமைக்குள் நீயே போய்த் தலைமையாசிரியர் லாவினிடம் உண்மையைச் சொல். சட்டத்தில் ஓர் இடுக்கு இருக்கிறது, மற்றவர் உயிருக்கு ஆபத்து என்றால் நானும் பேசலாம். அந்த இடுக்கு என்னைக் காப்பாற்றுமா, நசுக்குமா, தெரியாது. நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

டிம்ப்னா


டிரம்லீ
ஜனவரி 21, 2012

டிம்ப்னாவுக்கு,

பனிதான். ஒரு தடவை அல்ல, நூறு தடவை எழுதுவேன், பனிதான்.

நேற்று நான்சி உன் கடைக்கு வந்தபோது, "டெலியாவுக்குன்னா கிடையாது" என்று ஐந்தாறு பேர் முன்னால் சொன்னாயாமே. சாயங்காலத்துக்குள் கோயில்வரை போய்விட்டது. இத்தனை நாள் என் கேட்டில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் கணக்கு புரிந்துவிட்டது. நீ என்னைக் கண்ணாடி அறைக்குள் போட்டது போதாதா? ஊரையே கண்ணாடி ஆக்கிவிட்டாய்.

உனக்கு என்ன தெரியும்? வலி கொண்டுவருவது மாத்திரையாம். வலி என் மண்டையில், விளக்கம் உன் வாயில். அந்த நுரைக்கிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்குப் பாதி உயிர் திரும்பிவிடும். அப்புறம் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், எதுவும் குத்தாது. இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருப்பதும் குத்தாது. பிள்ளைக்கென்று ஒதுக்கிக் காலியாகவே இருக்கிற அந்தப் பின்னறை குத்தாது. நீ படித்த புத்தகத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கும். எனக்கு அது வெறும் நிம்மதி.

நீ லாவினிடம் போனால் பஸ் போய்விடும். பஸ் போனால் எனக்குக் காலையில் எழுந்திருக்கக் காரணம் இல்லை. தெரிந்துதான் எழுதியிருக்கிறாய். அப்படிச் செய்தால் உன் தொழிலைக் கண்காணிக்கிற சபைக்கு, நீ கவுன்ட்டர் ரகசியத்தை வெளியே விற்றாய் என்று நான் எழுதுவேன். எனக்குப் பஸ் இல்லாவிட்டால் உனக்குக் கடை எதற்கு?

டெலியா


பாலினரா
ஜனவரி 24, 2012

டெலியா,

நான்சியிடம் அப்படிச் சொன்னது தப்பு. அதைச் சபையில் கேட்டாலும் தப்பு என்றே சொல்வேன்.

நேற்று சாயங்காலம்வரை காத்திருந்தேன். நீ போகவில்லை. நான் போனேன். லாவின் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். "டெலியா இல்லாம என் பிள்ளைங்க பஸ்ல ஏறுமான்னு தெரியலையே" என்றார். அழாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

நீ எழுது. தடுக்கமாட்டேன்.

ஆனால் இதைப் படித்துவிட்டுக் கிழி. இனி உனக்கு யாரும் வாங்கித் தரமாட்டார்கள். வீட்டில் எங்கேயாவது பதுக்கி வைத்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியும். கோபத்தில் அதை அள்ளிப் போடாதே. ஒரு நாளில் எட்டுக்கு மேல் எந்தக் காரணத்துக்கும் கூடாது. விஸ்கியோடு கூடாது, தூக்க மாத்திரையோடு கூடாது. சளிக்குப் பொடி குடித்தால் மாத்திரை கூடாது. கணக்கு தவறி அதிகமாகிவிட்டால், உடம்பு நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. கல்லீரல் அடிபட்டது முதல் நாளில் தெரியவே தெரியாது. வாந்தி, வலப்பக்கம் விலாவுக்குக் கீழே வலி, கண்ணில் மஞ்சள் என்று வருவதற்குள் தாமதமாகியிருக்கும். இதை மாலக்கிக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். டாக்டர் ஹெனகனிடம் வியாழக்கிழமைக்கு உன் பெயர் கொடுத்திருக்கிறேன். போகமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் கொடுத்திருக்கிறேன்.

டிம்ப்னா


ஆஸ்பத்திரி, மூன்றாம் வார்டு
பிப்ரவரி 11, 2012

டிம்ப்னாவுக்கு,

நீ இரண்டு முறை வந்து வார்டு வாசலில் நின்றதாக நர்ஸ் சொன்னாள். உள்ளே விட வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

பதுக்கிய மாத்திரை மாவு டப்பாவில் இருந்தது. நீ கண்டுபிடித்திருப்பாய். பஸ்ஸை வேறொருத்தி ஓட்டிக்கொண்டு என் வீட்டைத் தாண்டிப் போன அன்றைக்குக் கணக்குப் பார்க்காமல் போட ஆரம்பித்தேன். சாவதற்காக இல்லை. அந்தச் சத்தம் என் காதில் விழாமல் இருப்பதற்காக. சளியும் விடவில்லை, எலுமிச்சைப் பொடியும் குடித்தேன். அது வெறும் எலுமிச்சைதானே என்று கை போய்விட்டது. நீ எழுதியது ஞாபகம் இருந்தது. நீ எழுதியதாலேயே கேட்கக்கூடாது என்றும் இருந்தது.

மாலக்கிதான் பார்த்தார். உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தினமும் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் என் கண்ணைத் திறந்து பார்ப்பார், மாட்டைப் பார்ப்பதுபோல. "எழுந்திரு. மஞ்சளாயிருக்கு. கிளம்பு" என்றார். இங்கே கையில் குழாய் போட்டு மருந்து இறக்கினார்கள். இன்னும் இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் பேச்சே வேறாக இருந்திருக்கும் என்று அந்தச் சின்ன டாக்டர் சொன்னார். கல்லீரல் பிழைத்துக்கொண்டதாம். கோடீனையும் நிறுத்திவிட்டார்கள். நீ எழுதியதில் ஒன்று பாக்கியில்லாமல் வந்தது. மூக்கு ஒழுகியது, கால் ஓயாமல் உதைத்தது, நர்ஸை அடிக்கப் போனேன்.

புகாரை இங்கே வருவதற்கு முன்பே எழுதிவிட்டேன். ஃபின்டன் கையில் கொடுத்தேன். உறை மேல் இருந்த முகவரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையில் போட்டுக்கொண்டார். உன் கடையிலிருந்து மாத்திரை கொண்டுவந்தவரும் அவர்தான், உன் கடிதங்களைக் கொண்டுவந்தவரும் அவர்தான். சில நாள் இரண்டும் ஒன்றாகவே வந்தன. மாத்திரையைக் கரைத்து வைத்துக்கொண்டுதான் உன் புத்திமதியைப் படித்தேன்.

டெலியா


டிரம்லீ
மார்ச் 8, 2012

டிம்ப்னாவுக்கு,

தலைவலி போய்விட்டது.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் கழித்து, ஒரு காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்து அடுப்பு மூட்டி டீ போட்டேன். அப்புறம்தான் உறைத்தது. வலி இல்லை. இத்தனை வருஷம் என் தலைக்குள் குடியிருந்தது, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. நீ சொன்னபடியேதான். இதை உனக்கு எழுதாமல் இருக்க ஒரு வாரம் முயன்றேன். உன்னை என்னால் மன்னிக்க முடியாமல் இருப்பதற்கு இது இன்னொரு காரணம்.

தலை தெளிந்ததும் எல்லாம் தெரிகிறது. பனி இல்லை. வளைவு வருவது எனக்குத் தெரியும், கை திருப்பவில்லை, அவ்வளவுதான். ஈஃபா "டெலியா!" என்று கூப்பிட்ட பிறகுதான் சாலை எங்கே என்று தேடினேன். லாவினிடம் போய்ச் சொன்னேன். நான்சி வீட்டுக்கும் போனேன். நான்சி கதவைத் திறந்து பாதியிலேயே நிறுத்தினாள். "நானே வாங்கிக் குடுத்தேன், டெலியா. என் கையாலயே" என்றாள். கதவைச் சாத்திவிட்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது காலையில் பஸ் போகும். பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள், சின்னவர்கள் மட்டும் கையசைப்பார்கள். பிறகு ஜோ கியோன் வண்டி, நான்சியின் வண்டி, ஃபின்டனின் வேன். ஒருவரும் நிறுத்துவதில்லை. கோபம் இல்லை என்று நினைக்கிறேன். கேட்டால் நான் என்ன கேட்பேனோ என்று பயம். "டவுனுக்குப் போறேன், ஏதாவது வேணுமா?" என்று இந்தத் தெருவில் ஒருவரிடம் கேட்காமல் போவது என்றால், அந்த வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். நேற்று ஃபின்டன் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு, நான் வாசலுக்கு வருவதற்குள் வேனில் ஏறிவிட்டார்.

டெலியா


பாலினரா
மார்ச் 14, 2012

அக்கா,

சபையிலிருந்து தாள் வந்தது. ஏப்ரலில் டப்ளினுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். லாவினிடம் போனதையும், நான்சியிடம் எல்லோர் முன்னும் சொன்னதையும் நீ எழுதியிருக்கிறாய். இரண்டும் உண்மை என்று பதில் எழுதிவிட்டேன். முதலாவதை மறுபடியும் செய்வேன், இரண்டாவதைச் செய்யமாட்டேன் என்றும் எழுதினேன். கடை என்ன ஆகும் என்று தெரியவில்லை. கடைப்பெண்கள் என் முன்னால் மெதுவாகப் பேசுகிறார்கள்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய்.

திங்கட்கிழமை கடையைச் சாத்திவிட்டு அந்தப் பக்கம் வருகிறேன். ஏதாவது வேணுமா?

டிம்ப்னா


டிரம்லீ
மார்ச் 16, 2012

டிம்ப்னாவுக்கு,

பால். அப்புறம் ஒரு ரொட்டி, உப்பு குறைந்தது. உன் கடையிலிருந்து எதுவும் வேண்டாம்.

வாசலில் வைத்துவிட்டுப் போ. கதவைத் தட்டாதே. தட்டினால் திறந்து தொலைப்பேன், புகாரை மட்டும் திருப்பி வாங்கமாட்டேன்.

டெலியா